பொதுச்சுவரின் மேற்குப் பக்கம்

எங்கள் தலைமைக் கட்டடக் கலைஞருக்குப் பணியிடத்தில் சாய்வு சார் என்று பெயர். எதையும் நேராக வரைய அவருக்குக் கை வராது. அருங்காட்சியகத்துக்குள் வருகிறவர் ஒரு நொடிகூட நிம்மதியாக நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. தரை இறங்கிக்கொண்டே போகும், கூரை தாழ்ந்துகொண்டே வரும், இரண்டு பக்கச் சுவர்களும் ஆளுக்கொரு கோணத்தில் சாய்ந்து நிற்கும். அப்படியே நூற்றுப்பத்து அடி நடந்து, போதும்டா சாமி என்று மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு கதவு திறக்கும். வெளிச்சமான ஒரு பெரிய கூடம். அதற்குச் சகிப்பு மண்டபம் என்று பெயர். இருட்டு, நடந்த இனப்படுகொலைக்கு. வெளிச்சம், இனிமேல் நாமெல்லாம் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழப்போவதற்கு. காகிதத்தில் பார்த்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"முப்பது வருஷம் தூக்குக்குண்டு பிடிச்ச கை மேடம் இது. சுவர் ஒரு நூல் சாய்ஞ்சாலே எனக்குச் சோறு இறங்காது. இவரு என்னடான்னா சாய்ச்சுக் கட்டு, இன்னும் சாய்ச்சுக் கட்டுங்கறாரு. பார்த்தா தலை சுத்துது."

"சுத்தணும்னுதான் அப்படி வரைஞ்சிருக்கார்."

"வர்றவங்களுக்குச் சுத்தட்டும். கட்டுறவனுக்குமா சுத்தணும்?"

மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் தினமும் கட்டைவிரலை அமுக்கிவிட்டு, "கைநாட்டு வந்தாச்சு" என்று தானே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார். ஆனால் ஒரு சுவரைப் பார்த்து அதைக் கட்டியவன் வலதுகைக்காரனா இடதுகைக்காரனா என்று சொல்லிவிடுவார். எனக்கு அவரோடு ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம்.

என் வேலை அளப்பது. புதிதாக எதையும் நான் வரைவதில்லை. ஏற்கெனவே இருப்பதை ஒரு நூல் பிசகாமல் அளந்து காகிதத்தில் ஏற்றுவேன். "வந்த விருந்தாளியோட செருப்பு அளவைக்கூடத் தெரிஞ்சுக்காம இவ விடமாட்டா" என்று அம்மா சொல்வாள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கச் சம்பளம் கொடுக்கும் தொழில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் நான் யோசிக்கவே இல்லை.

அருங்காட்சியகம் எழும் அந்த இடத்தில் முன்பு ஒட்டி ஒட்டிப் பதினொரு வீடுகள் இருந்தன. பத்து வீடுகள் வேறோர் இனத்தாருடையவை. நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் மூன்றே நாட்களில் அந்தப் பத்து வீடுகளிலும் இருந்த அத்தனை பேரையும் கொன்றார்கள். இந்தத் தெருவில் மட்டும் இல்லை, அவர்கள் இருந்த எல்லாத் தெருக்களிலும். இன்று அவர்களுடைய மொழியில் யாராவது பேசிக் கேட்க வேண்டுமென்றால் ஒலிப்பதிவைத்தான் தேட வேண்டும். கிழக்கு ஓரத்தில் இருந்த பதினோராவது வீடு மட்டும் எங்கள் ஆட்களுடையது. எங்கள் ஆட்கள் என்று எழுதும்போது கை கூசுகிறது. கூசினாலும் அதுதான் உண்மை.

பிறகு பத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். பத்தாவது வீட்டுக்கும் பதினோராவது வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை மட்டும் இடிக்க முடியவில்லை, இடித்தால் மிச்சமிருக்கிற வீடும் சேர்ந்து விழும். அதனால் அது நின்றது. அதன் மேற்கு முகத்தைப் பார்த்த அன்றைக்கு நான் நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கால்மணி நேரம் சும்மா நின்றேன். இல்லாத வீடு அந்தச் சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறிப்போன தடம், படிப்படியாக. மேலே ஓர் அறையின் வெளிறிய ரோஜா நிறம். குளியலறையின் வெள்ளை ஓடுகள் மூன்று வரிசை. கீழே சமையலறையின் நீலம், அதில் அடுப்புப் புகை ஏறிய கறுப்பு, ஓர் அலமாரிக் கல், ஐந்து ஆணிகள். யார் எங்கே படுத்தார்கள், யார் எங்கே சமைத்தார்கள் என்று கையால் தொட்டுச் சொல்லலாம். பன்னிரண்டு நாள் அதை அளந்தேன். எனக்கு அலுக்கவே இல்லை.

சாய்வு சார் வந்து பார்த்தார். "நல்ல சுவர்தாம்மா. ஆனா ரொம்ப நேரா இருக்கு" என்றார்.

சிக்கல் பழைய பத்திரத்தில் இருந்தது. "மேற்படி சுவர் இரு வீட்டாருக்கும் பொது" என்று அதில் எழுதியிருந்தது. தனியாக நிற்கும் சுவர் இந்த மழைக்காலத்தைத் தாங்காது. இரும்புச் சட்டம் கொடுத்து, சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் வரைக்கும் முடுக்க வேண்டும். அதற்குப் பதினோராவது வீட்டின் சம்மதம் வேண்டும். இருபதாம் தேதிக்குள் கையொப்பம் வராவிட்டால், அந்த வீட்டுக்குத் தனியாக ஒரு சுவர் எழுப்பிக் கொடுத்துவிட்டு இதை இறக்கிவிடுவது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். சாய்வு சாருக்கு அதில் வருத்தம் இல்லை. "அதே மாதிரி ஒண்ணு கான்கிரீட்ல செஞ்சுக்கலாம். அசலைவிட நம்ம சுவர் நல்லாப் பேசும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவு நாடாவே போதாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது இவருக்குப் பழமொழிதான் போலும்.

சம்மதப் படிவத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. மேற்குப் பக்கத்து உரிமையாளர் கையொப்பம், கிழக்குப் பக்கத்து உரிமையாளர் கையொப்பம். முதல் கோட்டில், அருங்காட்சியகத்தைக் கட்டுகிற அறக்கட்டளையின் வழக்கறிஞர் "வாரிசு இல்லை" என்று எழுதி மூடிவிட்டார். இரண்டாவது கோடு நான்கு மாதமாகக் காலியாகவே கிடந்தது.

அந்த வீட்டில் இருந்தது ஒரு பல் டாக்டர். ஐம்பத்தொரு வயது, தனி ஆள். முன்னறையில் நோயாளிகள், நடு அறையில் சிகிச்சை நாற்காலி. படிவத்தை எடுத்துக்கொண்டு யார் போனாலும் "பார்க்கலாம்" என்பார். முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்குப் புரியாதது அதுதான். ஏனென்றால் இந்தச் சுவரால் அவர் குடும்பத்துக்குக் கிடைக்கவிருந்தது பெரிய மரியாதை. சமையலறை நீலத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்ன ஓட்டை இருந்து அடைபட்ட தடம் இருந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து செங்கல்லை எடுத்துவிட்டு உண்டாக்கிய வழி அது. உப்பு, தீப்பெட்டி, செய்தித்தாள் எல்லாம் அதன் வழியாகப் போய்வரும். கைவாசல் என்று அதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கொலை நாட்களில் டாக்டரின் அப்பா அந்தக் கைவாசல் வழியாகத் தண்ணீரும் மருந்தும் கொடுத்திருக்கிறார். இறப்பதற்கு முன் அவரே அறக்கட்டளைக்குப் பேட்டி கொடுத்திருந்தார். மகளான டாக்டரும் "அப்பா சொன்னது சரிதான்" என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தில் அப்பாவின் பெயரோடு ஒரு பித்தளைப் பலகை வைப்பதாக முடிவு. "இந்தத் துவாரத்தின் வழியே மனிதம் கடந்தது." வாசகம் சாய்வு சாருடையது.

பன்னிரண்டாம் நாள் அந்த அடைப்பை அளந்தேன். அகலம் ஒன்றேகால் அடி, உயரம் ஒன்பது அங்குலம். ஓரங்களில் கலவை தாறுமாறாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. பூச்சும் இல்லை, நீலமும் இல்லை.

"இதை அடைச்சவன் கொத்தனார் இல்ல" என்றார் பின்னால் நின்ற மேஸ்திரி. "அதோட, இந்தப் பக்கம் நின்னு அடைக்கல."

"எப்படிச் சொல்றீங்க?"

"செங்கல்லைச் சொருகி அழுத்தினா கலவை எங்க போகும்? எதிர்ப்பக்கம்தானே பிதுங்கும். தான் நிக்கிற பக்கத்தைக் கரணையால வழிச்சுவிட்டுருவான். கைக்கு எட்டாத பக்கம் அப்படியே நிக்கும். டாக்டரம்மா வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க, மொழுமொழுன்னு இருக்கும்."

கிழக்கே இருந்து அடைத்திருக்கிறார்கள். சரி, எப்போது? எல்லாம் முடிந்து, இந்த வீடு காலியான பிறகு அடைத்திருந்தால் அதில் ஒன்றுமில்லை. பக்கத்து வீடு இல்லாமல் போனால் யாரும் ஓட்டையை அடைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அதற்கு முன்பு என்றால்? இந்தக் கேள்வி என் மண்டைக்குள் போனதும் சோறு தண்ணீர் இறங்கவில்லை. பல்லும் ஒரு வாரமாக வலித்துக்கொண்டிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மறுநாள் காலை டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் ஐந்து நாற்காலிகள். நான்கு, தெருப் பக்கச் சுவரை ஒட்டி. ஐந்தாவது நடுவில். பொதுச்சுவரை ஒட்டி எதுவும் இல்லை. அதில் ஒரு நாட்காட்டிகூட இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. மேஸ்திரி சொன்னதுபோலவே மொழுமொழுவென்று வெள்ளையாக இருந்தது.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர். மெலிந்த உருவம், மேல் வரிசை முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் நீளம். "கடைவாய்ப் பல் தேஞ்சு போயிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"ஆங்."

"யார் மேல கோபம்?"

வாயில் கண்ணாடியும் கொக்கியும் இருக்கும்போது சாய்வு சார் என்று எப்படிச் சொல்வது? மேலே கையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"உங்க மண்டபத்துக்குச் சகிப்பு மண்டபம்னு பேர் வச்சிருக்காங்களாமே."

"ஆங்."

"எனக்குத் தினமும் ரெண்டு பேராவது வருவாங்க, உங்களை மாதிரிப் பல் தேஞ்சவங்க. கேட்டா, மாமியாரைச் சகிச்சுக்கிறேன், மேலதிகாரியைச் சகிச்சுக்கிறேம்பாங்க. சகிச்சுக்கிறதுன்னா என்ன? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறதுதானே. எவ்வளவு நாள் கடிக்க முடியும்? தாடை வலிச்சா ஒரு நாள் விட்டுடுவாங்க." கொக்கியை எடுத்து வைத்துவிட்டு, தேய்ந்த இடத்தில் மருந்து அடைத்தார். "எங்கப்பாவும் அவங்களை இருபது வருஷம் சகிச்சுக்கிட்டார். அவங்க சத்தமாப் பேசுறாங்க, அவங்க அடுப்புப் புகை வருது, அவங்க பாட்டு காதைத் துளைக்குது, ஆனா நான் சகிச்சுக்கிறேன்னு பெருமையாச் சொல்வார். துப்புங்க."

துப்பினேன். கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அவர் கையுறையைக் கழற்றி, "அடுத்து" என்று குரல் கொடுத்துவிட்டார். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். வாயைத் திறந்தபடியே படுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்காமல் வந்துவிட்டேன்.

அன்று மதியம் அந்த அடைப்பின் எதிரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மேற்கு பார்த்த சுவருக்குக் காலை முழுதும் நிழல். உச்சி சாய்ந்ததும் ஒரு பதினைந்து நிமிடம் வெயில் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு மயிரிழை மேடுகூட நிழல் விழுந்து தெரியும். அளக்கிறவர்களுக்கு அது பொன்னான நேரம். மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தேன். வெயில் இறங்கியது. பிதுங்கிய கலவையில், இடது மூலையில், வரிசையாக நான்கு குழிகள் தெரிந்தன. மேலே நீட்டிக்கொண்டிருந்த அலமாரிக் கல் இத்தனை வருட மழையிலிருந்து அவற்றைக் காப்பாற்றியிருந்தது.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"யாரோ கைநாட்டு வச்சிருக்காங்க மேடம்" என்று சொல்லிச் சிரிக்கப் போனவர், சிரிக்கவில்லை. தன் விரலை அந்தக் குழியில் வைக்கப் போய், சட்டென்று இழுத்துக்கொண்டார். "சின்னக் கை. கலவை ஈரமா இருக்கிறப்ப வச்சது."

ஈரமாக இருந்தபோது இந்தப் பக்கம் ஆள் இருந்திருக்கிறது. நாடாவை எடுத்து அளந்தேன். விரல் அகலம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. ஒன்பது, பத்து வயது இருக்கும்.

சாய்வு சாரிடம் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த அலட்சியம் போய்விட்டது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு கதவைச் சாத்தினார்.

"இருபதாம் தேதிக்கு இன்னும் மூணு நாள் இருக்கும்மா. முதல்ல பலகையைக் காட்டி அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கு. இதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இப்பப் போய்ச் சொன்னா அவங்க எப்படிப் போடுவாங்க? அப்பா பேர் கெடும்னு சுவரே வேண்டாம்பாங்க. சுவரும் போகும், இந்த விரலும் போகும். உனக்கு அதுதான் வேணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். சொன்னால் சுவர் போகலாம். சொல்லாவிட்டால் சுவர் நிற்கும், ஆனால் ஒரு பொய்யைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதுவும் பித்தளையில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு என் அளவு நாடா எதற்கு? இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வைத்த மருந்து விழுந்துவிட்டது.

பத்தொன்பதாம் தேதி பன்னிரண்டு மணிக்குப் போனேன். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மருந்து விழுந்துடுச்சா? உட்காருங்க."

"பல்லுக்கு வரல டாக்டர்." நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் மறுபடியும் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவார் என்று பயம். "கைவாசலை இந்தப் பக்கமிருந்து அடைச்சிருக்கு. அப்ப அந்தப் பக்கம் ஆள் இருந்திருக்காங்க. கலவையில விரல் பதிஞ்சிருக்கு. கையெழுத்து வாங்கிட்டுச் சொல்லுன்னாங்க. எனக்கு மனசு கேக்கல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூடவில்லை.

"எத்தனை விரல்?"

"நாலு."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகுதான் குழாயை மூடினார்.

"அப்பா தண்ணி கொடுத்தது நிஜம். முதல் ரெண்டு நாள் கொடுத்தார். அதுல பொய் இல்ல. மூணாம் நாள் காலையில, வீடு வீடாப் பூந்து சுவரைத் தட்டிப் பார்த்துக்கிட்டு வர்றாங்க, ஓட்டை இருந்தா ரெண்டு வீட்டையும் சேர்த்துக் கொளுத்துறாங்கன்னு சேதி வந்துச்சு. பக்கத்து வீட்டு அத்தை, மாமா, அவ, மூணு பேரும் சமையலறையிலதான் ஒளிஞ்சிருந்தாங்க. கதவை அலமாரி வச்சு அடைச்சுட்டாங்க. இந்த ஓட்டைதான் அவங்களுக்குக் காத்து, தண்ணி, எல்லாம். அம்மா வாசல்ல ரேடியோவைச் சத்தமா வச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க. அப்பா முன்னறைச் சுவர்ல கலவை போட்டார். நான் சட்டியைப் பிடிச்சேன். எனக்குப் பத்து வயசு."

"அவன்னா யாரு டாக்டர்?"

"அவங்க பொண்ணு. குட்டைச்சடைன்னு கூப்பிடுவேன். அவ என்னை எலிப்பல்லும்பா." முன்பற்களை உதட்டால் மூடினார். "கடைசிச் செங்கல். கலவை தீர்ந்துபோச்சு. அப்பா எடுத்துட்டு வரப் போனார். அப்ப செங்கல் அசைஞ்சுது. அந்தப் பக்கமிருந்து தள்ளினா. 'எலிப்பல்லு, நான்தாண்டி'ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை.

"நான் ரெண்டு கையையும் வச்சு அழுத்தினேன்" என்றார் டாக்டர். "அப்பா வர்ற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். அப்பா சொல்லிக்கூடச் செய்யல. உங்க பலகையில அப்பா பேரைப் போடுறேங்கறீங்க. போடாதீங்கன்னு சொல்லணும்னா காரணம் சொல்லணும். காரணம் சொன்னா இது வரைக்கும் வரணும். அதனாலதான் நாலு மாசமாப் பார்க்கலாம், பார்க்கலாம்னேன்."

பத்து வயசுப் பிள்ளைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது.

"வெயில் வர்ற நேரம்" என்றேன். "பார்க்கிறீங்களா?"

அவர் வீட்டு வாசலிலிருந்து சுவரின் மேற்குப் பக்கத்துக்கு நாற்பது தப்படி. நாற்பத்தொரு வருடங்களில் அவர் அதை ஒருமுறைகூட நடந்ததில்லை. வெள்ளை அங்கியோடு வந்தார். மாடிப்படித் தடத்தைப் பார்த்தார், ரோஜா நிறத்தைப் பார்த்தார். "இது அவ ரூம்" என்றார். நீலத்துக்கு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அங்கிப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார், பழக்க தோஷம். அலமாரிக் கல்லுக்கு அடியில் அதைப் பிடித்து, ஒவ்வொரு குழியாக உள்ளே பார்த்தார். வெயில் இறங்கி நகரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதார். சத்தம் இல்லை, தோள்தான் குலுங்கியது. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

யார் சொன்னார்களோ, சாய்வு சார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என்னை ஒரு முறை முறைத்தார். டாக்டர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மண்டபத்தோட கடைசிக் கதவு எங்க திறக்குது சார்?"

"தோட்டத்துக்கு."

"என் முன்னறைக்குத் திறக்க முடியுமா? நான் நாற்காலியை எல்லாம் மாடிக்கு ஏத்திக்கிறேன். எல்லாரும் இந்தப் பக்கத்தை முதல்ல பார்க்கட்டும். அப்புறம் சுத்தி வந்து, அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு, என் வாசல் வழியாத் தெருவுக்குப் போகட்டும். பலகை வேண்டாம். அந்தப் பேரும் வேண்டாம்."

"சகிப்பா?"

"அதுதான். வேற பேர் வைங்க, இல்ல பேரே இல்லாம விடுங்க."

சாய்வு சார் தாடையைத் தடவினார். "அந்த அறையில நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

"வெறும் வெள்ளைச் சுவரா? எதுவும் தெரியாதே?"

"அங்க நின்னா எதுவும் தெரியாது சார். அதைத்தான் பார்க்கணும்."

"கொஞ்சமாவது சாய்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "நேராவே இருக்கட்டுமா?"

"நேராத்தான் இருந்துச்சு" என்றார் டாக்டர்.

சாய்வு சார் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்துக்கொண்டார். அந்த மனிதர் எதையும் வரையாமல் பென்சிலை உள்ளே வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கட்டும், தேவைப்படும்.

படிவம் என் பையில் இருந்தது. செங்கல் அடுக்கின் மேல் விரித்து வைத்தேன். டாக்டர் இரண்டாவது கோட்டில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை. மேலே முதல் கோட்டைப் படித்தார். "வாரிசு இல்லை" என்பதை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதிவிட்டு, என் கையில் கொடுத்துவிட்டு, நாற்பது தப்படியும் திரும்பி நடந்து போனார். மதிய நோயாளிகள் வந்திருப்பார்கள்.

"என்ன மேடம் எழுதியிருக்காங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

படித்துக் காட்டினேன். "மேற்குப் பக்கத்து உரிமையாளர் கையொப்பம்: சுவரில் உள்ளது."

"வக்கீல் ஒத்துக்க மாட்டாரே" என்றார் சாய்வு சார். "இதெல்லாம் செல்லாதும்பார்."

மேஸ்திரி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

"செல்லும் சார்" என்றார். "முப்பது வருஷமா நானும் அதைத்தானே வைக்கிறேன்."